போர் நேரத்து ஹாலிவுட் சின்ன ஊர் காமெடிகள்: அந்தப் பசங்களுக்கு அடுத்த வருஷம் பதினெட்டு

கேள்வி இதுதான்: 1942, 43, 44-னு ரெண்டாம் உலகப்போர் உச்சத்துல இருந்தப்ப ஹாலிவுட் ஏன் இத்தன சின்ன ஊர் காமெடி எடுத்துச்சு, ஸ்கூல் பையன், அவனோட ஓட்டை காரு, கோவக்கார அப்பா, பக்கத்து வீட்டுப் பொண்ணு, பார்ட்டில குழப்பம்னு ஒரே மாதிரி கதைங்க, இதெல்லாம் ஜனங்க போர மறக்கணும்னு எடுத்ததுதானா, இல்ல இன்னிக்கு உக்காந்து பாக்கற அளவுக்கு அதுல ஏதாவது இருக்கா?

இருக்கு, நெறையவே இருக்கு. போர மறக்க வைக்க எடுத்த படங்கன்னு சொல்றது பாதிதான் சரி. இந்தப் படங்கள்ல குண்டு வெடிக்காது, யாரும் சாக மாட்டாங்க, ஆனா வீட்டுக்குள்ள போர் என்ன பண்ணுச்சுங்கறது யுத்தப் படங்கள்ல இருக்கறத விட இதுலதான் அதிகமா இருக்குன்னு நான் நம்பறேன்.

முதல்ல ஒரு தேதிய மனசுல வெச்சுக்கோங்க, 1942 நவம்பர். அமெரிக்காவுல ராணுவத்துக்கு கட்டாயமா ஆள் எடுக்கற வயச இருபதுல இருந்து பதினெட்டுக்கு இறக்கினது அந்த மாசம்தான். அதுக்கு முன்னாடி ஸ்கூல் முடிச்ச பையனுக்கு ரெண்டு வருஷம் அவகாசம் இருந்துச்சு, காலேஜ் போகலாம், வேலைக்குப் போகலாம், காதலிக்கலாம். அதுக்கப்புறம் அது இல்ல. பன்னெண்டாவது முடிக்கிறான், பொறந்த நாள் வருது, கூப்பிடற லெட்டர் வருது. இத தெரிஞ்சுக்கிட்டு இந்த காமெடிகள பாத்தீங்கன்னா ஒவ்வொரு சீனும் வேற மாதிரி தெரியும். பதினேழு வயசுப் பையன் காரு சாவி கேக்கறான், அப்பா தர மாட்டேங்கறார், ரெண்டு பேரும் கத்தறாங்க, தியேட்டர் சிரிக்குது. தியேட்டர்ல உக்காந்திருக்கற அம்மா அப்பா பாதிப் பேருக்கு அந்த மாதிரி ஒரு பையன் இப்பதான் பசிபிக் பக்கமோ இங்கிலாந்துக்கோ கப்பல் ஏறியிருக்கான், இல்ல அடுத்த வருஷம் ஏறப்போறான். போர் முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட 1.6 கோடி அமெரிக்கர்கள் யூனிஃபார்ம் போட்டாங்க, 4 லட்சத்துக்கு மேல திரும்பி வரல. வீட்டு ஜன்னல்ல நீல நட்சத்திரம் போட்ட கொடி தொங்கினா அந்த வீட்டுப் பையன் ராணுவத்துல இருக்கான்னு அர்த்தம், தங்க நட்சத்திரம்னா அவன் இனிமே வர மாட்டான். அந்தக் கொடிங்க தொங்கின தெருவுல இருந்துதான் ஜனங்க இந்தப் படங்களுக்கு வந்தாங்க.

இந்த வகைக்கு அச்சு போட்டது எம்ஜிஎம் ஸ்டுடியோவோட ஆண்டி ஹார்டி படங்கள். ஆரம்பம் போருக்கு முன்னாடி, 1937-ல எ ஃபேமிலி அஃபேர்னு ஒரு சாதாரண படம், ஒரு மேடை நாடகத்துல இருந்து எடுத்தது, ஸ்டுடியோ பெருசா எதையும் எதிர்பார்க்கல. ஐடாஹோ மாநிலத்துல கார்வெல்னு ஒரு கற்பனை ஊரு, அங்க ஜட்ஜ் ஹார்டி, அவர் சம்சாரம், பொண்ணுங்க, ஒரு சித்தி, அப்புறம் ஆண்டிங்கற பையன். கதை ஜட்ஜோட கதைதான். ஆனா ஜனங்க அந்தப் பையன விட்டு கண்ண எடுக்கல, அவன்தான் மிக்கி ரூனி, அஞ்சு அடி ரெண்டு அங்குலம்தான் உயரம், ஒரு எடத்துல நிக்க மாட்டான், பேசும்போது உடம்பு முழுக்கப் பேசும். அடுத்த படத்துல இருந்து லூயிஸ் ஸ்டோன் அப்பாவா வந்தாரு, ஃபே ஹோல்டன் அம்மாவா வந்தாங்க, அப்புறம் தொடர் நிக்கவே இல்ல. 1939, 40, 41-னு வரிசையா மூணு வருஷம் அமெரிக்காவுல வசூல்ல முதல் நட்சத்திரம் ரூனிதான், கிளார்க் கேபிள தாண்டி. எல்லாப் படத்துலயும் ஒரு சீன் கண்டிப்பா வரும், பையன் ஏதோ சிக்கல்ல மாட்டிக்கிட்டு அப்பா ரூமுக்குப் போவான், கதவ சாத்திட்டு ரெண்டு பேரும் ஆம்பள ஆம்பளையா பேசுவாங்க. இந்தத் தொடரோட உயிரே அந்த சீன்தான். ஜட்ஜ் அடிக்க மாட்டாரு, கத்த மாட்டாரு, கேள்வி கேப்பாரு, பையன் அவனாவே பதிலுக்கு வந்து சேருவான். லூயிஸ் ஸ்டோன் மாதிரி கேட்டுக்கிட்டு இருக்கத் தெரிஞ்ச நடிகர் அந்தக் காலத்துல ரொம்ப கம்மி, ரூனியோட அலைச்சலுக்கு அவர் நிதானம்தான் ஆதாரம்.

இந்த சின்ன ஊர கண்டுபிடிச்சவங்க யாருன்னு பாக்கணும். எம்ஜிஎம் தலைவர் லூயி பி. மேயர் ரஷ்ய சாம்ராஜ்யத்துல பொறந்த யூதர், கனடாவுல பழைய இரும்பு வியாபாரம் பண்ற குடும்பத்துல வளந்தவர், அமெரிக்காவுக்கு வந்தப்புறம் நாட்டோட சுதந்திர தினமான ஜூலை 4-யே தன் பொறந்த நாளா கொண்டாடினவர். ஆண்டி ஹார்டி அவருக்கு உயிரு. உடம்பு சரியில்லாத அம்மாவுக்காக பையன் எப்படி மண்டி போட்டு சாமி கும்பிடணும்னு அவரே நடிச்சுக் காட்டினார்ங்கறது ஹாலிவுட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. கீழ நான் சொல்லப்போற ஜேனி படத்த எடுத்த மைக்கேல் கர்டிஸ் ஹங்கேரிக்காரர், அதே மாதிரி கீழ வரப்போற இன்னொரு இயக்குனர் பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் சின்ன வயசுல பாதி ஐரோப்பாவுல வளந்தவர். அந்த வெள்ளை வேலியும் எல்ம் மர நிழலும் வெளியில இருந்து வந்தவங்க ஆசப்பட்டு வரைஞ்சது, அதனாலதான் நெஜ ஊருங்கள விட அது அவ்வளவு சுத்தமா இருக்கு. 1943 மார்ச்ல நடந்த ஆஸ்கர் விழாவுல அமெரிக்க வாழ்க்கை முறைய காட்டினதுக்காகன்னு சொல்லி இந்தத் தொடருக்காக எம்ஜிஎம்முக்கு தனி விருதே கொடுத்தாங்க. போர் நடுவுல, எதுக்காக சண்டை போடறோம்னு கேட்டா இதோ இந்த வீட்டுக்காகன்னு காட்டறதுக்கு அவங்களுக்கு ஹார்டி வீடு தேவைப்பட்டுச்சு.

ஆனா ஆச்சரியம் என்னன்னா அந்த வீட்டுக்குள்ள போர் கிட்டத்தட்ட வரவே இல்ல. 1942-ல ரெண்டு ஹார்டி படம், 1944-ல ஆண்டி ஹார்டிஸ் ப்ளாண்ட் ட்ரபிள்னு ஒண்ணு, அதுல ஆண்டி காலேஜ் போறான், ரெட்டைப் பிறவி பொண்ணுங்ககிட்ட மாட்டிக்கறான், நாட்டுல அவன் வயசுப் பசங்க எல்லாம் வேற எங்கயோ இருந்த நேரம் அது. அதே 1944-லதான் ரூனிக்கே ராணுவத்துல இருந்து அழைப்பு வந்துச்சு, ஐரோப்பாவுல ஜீப்புல போய் போர்முனை பக்கத்துல வீரர்களுக்கு நிகழ்ச்சி நடத்தினார், வெண்கல நட்சத்திரப் பதக்கம் வாங்கினார். கற்பனைல காப்பாத்தி வெச்ச பையன நெஜத்துல காப்பாத்த முடியல.

போட்டி ஸ்டுடியோவான பாரமவுண்டோட பதில் ஹென்றி ஆல்ட்ரிச். கிளிஃபோர்ட் கோல்ட்ஸ்மித் எழுதின நாடகத்துல பொறந்த பாத்திரம், 1939-ல இருந்து ரேடியோல வாராவாரம் வந்து நாடு முழுக்க பிரபலம், அம்மா நீட்டி முழக்கி பேர் சொல்லி கூப்பிடுவாங்க, உடைஞ்ச கொரல்ல பையன் இதோ வரேம்மான்னு கத்துவான், அத கேட்டாலே ஜனங்க சிரிக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஜாக்கி கூப்பர் ரெண்டு படம் பண்ணாரு, அப்புறம் 1941-ல இருந்து 1944 வரைக்கும் ஜிம்மி லிடன் ஒன்பது படம். விமர்சகர்கள் இத ஹார்டியோட ஏழை சொந்தக்காரன் மாதிரிதான் பாத்தாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். ஹார்டி வீட்ல எல்லாத்தயும் அப்பா சரி பண்ணிடுவாரு, ஆல்ட்ரிச் வீட்ல அப்பா பையன நம்பவே மாட்டாரு, ஊர் பெரியவங்க எல்லாரும் அவன சந்தேகப்படுவாங்க, அவன் நல்லது பண்ணப்போய் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகும். லிடன் ஒல்லியா உயரமா பயந்த கண்ணோட இருப்பாரு, பெரியவங்க முன்னாடி நிக்கும்போது கைய எங்க வெக்கறதுன்னு தெரியாத அந்த வயசு அவர்கிட்ட அச்சு அசலா இருக்கும், ரூனிகிட்ட அது கெடையாது, ரூனிக்கு எப்பவுமே மேடை பயம் இல்ல. ரேடியோல ஹென்றியா பேசின எஸ்ரா ஸ்டோனும் ராணுவத்துக்குப் போயிட்டாரு, வேற கொரல் போட்டு பதினாறு வயசு ஹென்றிய அப்படியே பதினாறுலயே நிறுத்தி வெச்சாங்க.

அடுத்தது காரு. இந்தப் படங்கள்ல பையனோட கனவே ஒரு காருதான், ஆனா 1942 பிப்ரவரியோட அமெரிக்காவுல பொதுமக்களுக்கான காரு தயாரிப்பே நின்னுடுச்சு, டயருக்கு அதுக்கு முந்தின மாசமே ரேஷன், அந்த வருஷக் கடைசில நாடு முழுக்க பெட்ரோல் ரேஷன், சாதாரண குடும்பத்துக்கு வாரத்துக்கு மூணு நாலு கேலன்தான், வேகம் மணிக்கு 35 மைலுக்கு மேல போகக்கூடாது. பெட்ரோல் பத்தலங்கறது இதுல பெரிய காரணம் இல்ல, ரப்பர் இல்லங்கறதுதான் காரணம். காரு ஓடினாதான டயர் தேயும், அதனால ஓட்ட விடாம பண்ணாங்க. ரப்பர் ஏன் இல்லன்னா ஜப்பான்காரன் மலாயாவ புடிச்சுட்டான். அந்த மலாயா தோட்டங்கள்ல பால் வெட்டினவங்கள்ல பெரும்பகுதி நம்ம தமிழ் ஜனங்கதான், தோட்டம் நின்னப்புறம் அவங்கள்ல பல்லாயிரம் பேர ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்கு கொண்டு போய் கொன்னாங்க. ஐடாஹோவுல ஒரு பையன் டயர் பஞ்சர் ஆகி டேட்டிங் போக முடியலன்னு பொலம்பறதுக்கும் மலாயாவோட பேராக் பகுதித் தோட்டத்துல ஒரு குடும்பம் செதறினதுக்கும் காரணம் ஒரே படையெடுப்பு, இத எந்த ஹாலிவுட் படமும் சொல்லல, நாம பாக்கும்போது நமக்குத் தெரிஞ்சிருக்கணும். 1942-ல வந்த மிஸ் ஆனி ரூனி படத்துல கூட, குழந்தை நட்சத்திரமா இருந்த ஷெர்லி டெம்பிளுக்கு திரையில முதல் முத்தம் கெடச்ச படம்னு மட்டும்தான் அத ஞாபகம் வெச்சிருக்காங்க, கதைய நகத்தறது ரப்பர்தான், அந்தப் பொண்ணோட அப்பா பால் வடியற ஒரு காட்டுச் செடில இருந்து, நம்ம எருக்கு குடும்பத்துச் செடி அது, ரப்பர் செய்யப் பாக்கறவர்.

அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1942 ஜூன்ல போர்த் தகவல் அலுவலகம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுல சினிமாவுக்கு தனிப் பிரிவு, ஸ்டுடியோக்களுக்கு ஒரு கையேடு கொடுத்தாங்க, இந்தப் படம் போர்ல ஜெயிக்க உதவுமான்னு ஒவ்வொரு படத்துக்கும் கேட்டுப் பாருங்கன்னு அதுல இருந்துச்சு. ரேஷனுக்கு வரிசைல நிக்கறது, போர்ப் பத்திரம் வாங்கறது, பழைய இரும்பு சேக்கறது எல்லாம் கதைக்குள்ள வரணும்னு கேட்டாங்க. அதோட ஒரு படத்துக்கு செட்டு போட 5,000 டாலருக்கு மேல புதுப் பொருள் வாங்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு வேற. ஸ்டுடியோ வளாகத்துல ஏற்கனவே நின்ன தெரு, ஏற்கனவே இருக்கற வீடு, மாடிப்படி, சமையக்கட்டு, இதுல முடிச்சிடலாம்னா குடும்பக் காமெடிதான் லாபம். இத்தன படம் வந்ததுக்கு உணர்ச்சி மட்டும் காரணம் இல்ல, மரமும் ஆணியும் கெடைக்கலங்கறதும் காரணம்.

சரி, பசங்க கதை இது. பொண்ணுங்க கதை அதவிட சிக்கல். ஊருக்குப் பக்கத்துல திடீர்னு ஒரு ராணுவ முகாம் வருது, ஆயிரக்கணக்குல இளைஞர்கள், வீட்ட விட்டு தூரமா வந்தவங்க, அடுத்த மாசம் உயிரோட இருப்போமான்னு தெரியாதவங்க. வீட்ல அப்பா வேலைல, அம்மாவும் பல வீட்ல ஃபாக்டரில, பதினாறு வயசுப் பொண்ணு தனியா. அந்தக் காலப் பத்திரிகைங்க இத ஒரு சமூக ஆபத்தாவே எழுதிச்சு, முகாம சுத்தி வர்ற பொண்ணுங்களுக்கு ஒரு கேவலமான பட்டப்பேரு வெச்சு பேசினாங்க. ஜேனி இதத்தான் காமெடியா எடுத்துக்கிச்சு. 1942-ல நியூயார்க்கோட நாடக மேடையான பிராட்வேயில நாடகமா வந்து 600 காட்சிக்கு மேல ஓடி, 1944-ல வார்னர் பிரதர்ஸ் படமா வந்துச்சு. ஹார்டன்வில்னு ஊரு, அப்பா உள்ளூர் பத்திரிகை நடத்தறவர், ஜேனி ஒரு சிப்பாய்கிட்ட மனச பறிகொடுக்கறா, அப்பா அம்மா வெளிய போன ராத்திரி அவன வீட்டுக்கு கூப்பிடறா, ஒருத்தன் வரவேண்டிய எடத்துல ஒரு கூட்டமே வந்துடுது. படம் ரொம்ப சத்தம், பாதிக்கு மேல ஓடிக்கிட்டும் கத்திக்கிட்டும் இருக்காங்க, பெரிய படம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த பார்ட்டிய பாருங்க, அதுதான் முக்கியம். பெத்தவங்களுக்கு எது கெட்ட கனவோ, வீடு முழுக்க சிப்பாய்ங்க நடுவுல சின்னப் பொண்ணுங்க, அத திரைல காட்டி, அவங்க ஐஸ்பெட்டிய காலி பண்ணி ஆடிப்பாடிட்டு போயிடறாங்கன்னு முடிச்சு தாய்தகப்பனுக்கு ஆறுதல் சொல்லுது. பையனுங்க நல்லவனுங்க, பயப்படாதீங்கங்கறதுதான் படம் சொல்ல வந்தது. அந்த ஆறுதல் எவ்வளவு தேவைப்பட்டுச்சுங்கறதுக்கு நாடகம் ஓடின ஓட்டமே சாட்சி.

கிஸ் அண்ட் டெல் இன்னும் ஒரு படி மேல போச்சு. எஃப். ஹ்யூ ஹெர்பர்ட் எழுதின நாடகம், 1943-ல பிராட்வேயில ஆரம்பிச்சு 900 காட்சிய தாண்டுச்சு, அதே கோர்லிஸ் ஆர்ச்சர்ங்கற பொண்ணு ரேடியோலயும் வந்தா, 1945-ல கொலம்பியா எடுத்த படத்துல ஷெர்லி டெம்பிள் கோர்லிஸ். கதை இப்படி: பக்கத்து பக்கத்து வீடு, ரெண்டு குடும்பத்துக்கும் ஆகாது, கோர்லிஸோட அண்ணன் விமானப்படைல இருக்கான், லீவுல வந்தப்ப எதிரி வீட்டுப் பொண்ணு மில்ட்ரட ரகசியமா கல்யாணம் பண்ணிட்டுப் போயிடறான். மில்ட்ரட் கர்ப்பம். டாக்டர பாக்க கோர்லிஸ் துணைக்குப் போறா, ஊர் வம்புக்காரி பாத்துடறா, ரகசியத்த காப்பாத்தறேன்னு சத்தியம் பண்ணதுக்காக கோர்லிஸ் பழிய தன் மேல போட்டுக்கறா, அப்பாவியா இருக்கற பக்கத்து வீட்டு டெக்ஸ்டர்தான் காரணம்னு ஊரே நெனைக்குது. பதினஞ்சு பதினாறு வயசுப் பொண்ணு கர்ப்பம்னு அம்மா அப்பா நம்பறதுல இருந்து சிரிப்பு எடுக்கறதுன்னா சாமானியம் இல்ல, அதுவும் பத்து வருஷம் முன்னாடி நாடே கொஞ்சின குழந்தை நட்சத்திரத்த வெச்சு. போர் இல்லன்னா இந்தக் கதையே நடக்காது, அவசர லீவு, அவசரக் கல்யாணம், பையன் பறந்துட்டான், பொண்ணு ரகசியத்தோட தனியா நிக்கறா, இது அன்னிக்கு ஆயிரம் வீட்ல நடந்த விஷயம். ஒரு கொற சொல்லணும்னா, கடைசில எல்லாம் முறைப்படிதான் நடந்துச்சுன்னு சட்டுனு முடிச்சு எல்லாரையும் காப்பாத்திடறாங்க, நெஜமாவே தனியா நின்ன பொண்ணுங்கள பத்தி அந்தப் படம் யோசிக்கல.

அத யோசிச்ச ஒரே ஆள் பிரஸ்டன் ஸ்டர்ஜஸ். தி மிரக்கிள் ஆஃப் மார்கன்ஸ் க்ரீக், பாரமவுண்ட் படம், 1942 கடைசில எடுத்து 1944 ஜனவரிலதான் வெளிய வந்துச்சு. ட்ரூடி காக்கன்லாக்கர், பெட்டி ஹட்டன் நடிச்சது, ஊர் கான்ஸ்டபிள் பொண்ணு, அம்மா இல்ல. சிப்பாய்ங்க கப்பலேறப் போறாங்க, அவங்கள ஆடிப்பாடி அனுப்பி வெக்கணும்னு ஆசப்படறா, அப்பா விட மாட்டேங்கறார். சின்ன வயசுல இருந்து அவள காதலிக்கற நார்வல் ஜோன்ஸோட சினிமாவுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு, அவன தியேட்டர்ல உக்கார வெச்சிட்டு அவன் காரையே வாங்கிட்டு பார்ட்டிக்குப் போறா. காலைல எட்டு மணிக்கு வரும்போது ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆடும்போது தலைல இடிச்சுக்கிட்டா. யாரோ எல்லாரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு சொன்னாங்க, பொய்ப் பேர் கொடுத்தாங்க, வெரல்ல ஒரு திரைச்சீலை வளையம் இருக்கு, மாப்பிள்ளை பேரு ராட்ஸ்கிவாட்ஸ்கியோ என்னமோ. கொஞ்ச நாள்ல கர்ப்பம்னு தெரியுது.

சென்சார் இத எப்படி விட்டாங்கங்கறது அன்னைக்கே எல்லாரும் கேட்ட கேள்வி. குடிச்சு மயங்கினான்னு காட்டக்கூடாதுன்னாங்க, அதனாலதான் தலைல அடி, அதனாலதான் கைல லெமனேடு. சிப்பாய்ங்கள தப்பா காட்டக்கூடாதுன்னு ராணுவத்துக்கும் கவலை, அதனால அவங்க எல்லாரும் மரியாதையா நடந்துக்கறாங்க, கல்யாணமும் பண்ணிக்கறாங்க. ஒவ்வொரு விதியையும் அச்சரம் பிசகாம மதிச்சு, விதி எத மறைக்கப் பாத்துச்சோ அத ஒவ்வொரு ரசிகனுக்கும் தெளிவா புரிய வெச்சாரு ஸ்டர்ஜஸ். இத விட புத்திசாலித்தனமான எழுத்து அந்தக் காலக் காமெடில எனக்குத் தெரிஞ்சு இல்ல.

எனக்கு இந்தப் படத்துல உயிர் நார்வல்தான். எடி பிராக்கன். ராணுவத்துல சேர போனப்பெல்லாம் பதட்டத்துல கண்ணு முன்னாடி புள்ளி புள்ளியா தெரிய ஆரம்பிச்சு, ரத்த அழுத்தம் ஏறி, தகுதி இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஊர்ல எல்லா ஆம்பளையும் போயிட்டான், இவன் பேங்க்குல குமாஸ்தா. போகாத பையன எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. அந்தப் பையனத்தான் ட்ரூடி முதல்ல ஏமாத்தறா, அவனும் ஏமாந்தத தெரிஞ்சுக்கிட்டே அவளுக்கு கல்யாணப் பத்திரம் கெடைக்கணும்னு முதல் உலகப்போர் யூனிஃபார்ம வாடகைக்கு எடுத்து போட்டுக்கிட்டு ராட்ஸ்கிவாட்ஸ்கியா நடிக்கறான், கையெழுத்து போடும்போது கைத்தவறி சொந்தப் பேர போட்டுட்டு ஜெயிலுக்குப் போறான். ரெண்டு பேரும் தெருவுல நடந்துக்கிட்டே பேசற நீளமான காட்சிங்க இருக்கு, வெட்டே இல்லாம நிமிஷக்கணக்கா கேமரா கூடவே போகும், பின்னாடி அந்த வெள்ளை வேலி வீடுங்க, ஹார்டி படத்துல வர்ற அதே மாதிரி தெரு, ஆனா இங்க ஒவ்வொரு ஜன்னல்லயும் வம்பு பேச ஒருத்தர் இருப்பாங்கன்னு நமக்குத் தெரியும். அப்பாவா வர்ற வில்லியம் டெமரெஸ்ட் ஜட்ஜ் ஹார்டிக்கு நேர் எதிர், கத்துவாரு, உதைக்க வருவாரு, கீழ விழுவாரு, ஆனா பொண்ணுக்கு நெஜமா கஷ்டம்னு வந்தப்ப கான்ஸ்டபிளா இருந்துக்கிட்டே நார்வல ஜெயில்ல இருந்து தப்பிக்க விடப் பாக்கறவர் அவர்தான். தங்கச்சி எம்மிக்கு பதினாலு வயசு, டயானா லின், வீட்லயே அறிவுள்ள ஆளு அவ ஒருத்திதான்.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு குழந்தை பொறக்குது, ஒண்ணு இல்ல, ஆறு, ஆறும் ஆண் குழந்தைங்க. உடனே ஊர் மாறுது, மாநில கவர்னர் ஃபோன போட்டு கல்யாணம் செல்லும்ங்கறார், நார்வல் கர்னல் ஆகறான், செய்தி உலகமெல்லாம் போய் ஹிட்லர் மறு எண்ணிக்கை கேக்கறார். நேத்து வரைக்கும் அசிங்கமா இருந்தது எண்ணிக்க கூடினதும் நாட்டுக்குப் பெருமை ஆகிடுச்சு. படம் பெரிய ஹிட், ஜனங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கோவம் வரல. அவங்க ஊரு அப்படித்தான்னு அவங்களுக்குத் தெரியும், யாரோ ஒருத்தர் பாசத்தோட அத சொன்னா கேக்க தயாராத்தான் இருந்தாங்க.

அதே 1944-ல அதே ஸ்டர்ஜஸ், அதே பிராக்கன், ஹெயில் தி காங்கரிங் ஹீரோ. இந்தத் தடவை பையன் பேரு உட்ரோ, அப்பா முதல் உலகப்போர்ல செத்துப்போன மரீன் (கடற்படையோட சேந்த தரைப்படை) வீரர், பையனும் மரீன்ல சேந்தான், ஆனா தூசி பட்டா மூக்கு ஒழுகற அலர்ஜின்னு வெளிய அனுப்பிட்டாங்க. அம்மா மொகத்துல முழிக்க முடியாம கப்பல் கட்டற எடத்துல வேல பாத்துக்கிட்டு, வெளிநாட்டுல சண்டைல இருக்கேன்னு லெட்டர் போட்டுக்கிட்டு இருக்கான். பசிபிக்ல பெரிய சண்டை நடந்த குவாடல்கனால் தீவுல இருந்து வந்த ஆறு மரீன்கள் ஒரு பார்ல இவன பாக்கறாங்க, அம்மாவ ஏமாத்தறத ஒருத்தன் தாங்கிக்க முடியாம ஃபோன் பண்ணி பையன் வரான்னு சொல்லிடறான், ஊர் ஸ்டேஷன்ல பேண்டு வாத்தியத்தோட காத்துக்கிட்டு இருக்கு. வீட்டுக் கடன் பத்திரத்த எரிக்கறாங்க, மேயரா நில்லுன்னு சொல்றாங்க. போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, ஒரு நாடு தன்னோட வீரர்கள எப்படிக் கண்ண மூடிக்கிட்டு கும்பிடுதுன்னு காட்ட ஒருத்தருக்கு தைரியம் இருந்துச்சு, அதையும் வீரர்கள கொஞ்சம் கூட அவமானப்படுத்தாம பண்ணாரு. கடைசில உட்ரோ மேடைல நின்னு உண்மைய சொல்ற காட்சில சிரிப்பு சுத்தமா நின்னுடும். ஒரே வருஷம் ரெண்டு திரைக்கதைக்கும் ஆஸ்கர் பரிந்துரை, ரெண்டுக்கும் விருது கெடைக்கல.

இந்தப் படங்கள நேசிக்கறவங்க இன்னொண்ணையும் பாக்கணும். இந்த ஊர்ல யாரு இல்ல? ஜேனி வீட்டு சமையக்கட்டுல ஹாட்டி மெக்டேனியல் இருக்காங்க, ஆஸ்கர் வாங்கின முதல் கருப்பின நடிகை, 1944-லயும் அவங்களுக்கு கெடச்சது வேலைக்காரி வேஷம்தான், அவங்களுக்கும் ஒரு பையன் போருக்குப் போயிருப்பானாங்கற கேள்வியே படத்துல வராது. ஹார்டி குடும்பத்தோட கார்வெல் ஐடாஹோவுல இருக்குன்னு சொன்னேன்ல, நெஜ ஐடாஹோவுல 1942 ஆகஸ்ட்ல மினிடோகாங்கற எடத்துல முள்வேலி போட்ட முகாம தொறந்தாங்க, 9,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள, குழந்தைகுட்டியோட, அதுக்குள்ள அடைச்சாங்க. அங்கயும் ஹைஸ்கூல் நடந்துச்சு, அங்கயும் பதினேழு வயசுப் பசங்க இருந்தாங்க, அங்க இருந்தும் பையனுங்க அமெரிக்க ராணுவத்துக்குப் போனாங்க. 1943 ஜூன்ல லாஸ் ஏஞ்சலஸ்ல, இந்தப் படங்கள எடுத்த அதே நகரத்துல, விடுமுறைல இருந்த கடற்படை ஆளுங்க மெக்சிக்க அமெரிக்கப் பசங்கள தெருவுல தேடித் தேடி அடிச்சு உடுப்ப கிழிச்சாங்க. டீனேஜ் பையன்னா சிரிப்பு, குறும்பு, ஓட்டை காருங்கறது ஒரு நெறத்துப் பசங்களுக்கு மட்டும் கெடச்ச சலுகை. அதனால படங்கள ஒதுக்கணும்னு நான் சொல்லல, ஆனா இதுதான் அன்னிக்கு அமெரிக்கான்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

போர் முடிஞ்சதும் இந்த வகை சீக்கிரம் ஓய்ஞ்சு போச்சு. 1946-ல லவ் லாஃப்ஸ் அட் ஆண்டி ஹார்டில ஆண்டி ராணுவத்துல இருந்து திரும்பி அதே காலேஜுக்கு, அதே குழப்பத்துக்கு வரான், ரூனிக்கு அப்ப இருபத்தஞ்சு, முகத்துல அந்தப் பையன் இல்ல, ஜனங்களும் முன்ன மாதிரி வரல. சண்டைய பாத்துட்டு வந்தவன் திரும்பவும் அப்பா ரூமுக்குப் போய் காதல் பிரச்சனைக்கு யோசனை கேக்கறத யாரும் நம்பல. குடும்பக் காமெடி அங்க இருந்து டிவிக்குப் போயிடுச்சு, ஆல்ட்ரிச் குடும்பம் 1949-லயே டிவில வந்தாச்சு.

பாக்கறதுன்னா மார்கன்ஸ் க்ரீக்ல ஆரம்பிக்காதீங்க, அது எத ஒடைக்குதுன்னு தெரியாது. 1938-ல வந்த லவ் ஃபைண்ட்ஸ் ஆண்டி ஹார்டி முதல்ல, ஜூடி கார்லண்டும் லானா டர்னரும் அதுல உண்டு, அடுத்து ஜேனி, அதுக்கப்புறம் மார்கன்ஸ் க்ரீக், அதே வாரத்துல காங்கரிங் ஹீரோ. கிஸ் அண்ட் டெல்ல ஷெர்லி டெம்பிளுக்காகவும் அந்த ரெண்டு அப்பாக்களோட சண்டைக்காகவும் பாக்கலாம். ஆல்ட்ரிச் படங்க ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஒண்ணேகால் மணி நேரத்துல முடிஞ்சிடும், நேரம் கெடைக்கறப்ப ஹென்றி ஆல்ட்ரிச், எடிட்டர் ஒண்ணாவது பாருங்க, லிடன் அதுல ரொம்ப நல்லா பண்ணியிருப்பாரு.